பழைய மெஷின்ல புது என்க்ரிப்ஷன்: எங்க இடிக்குது, எங்க இடிக்கல

பழைய கம்ப்யூட்டர்ல டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணாதீங்க, மெஷின் இழுத்துரும்னு சொல்ற பேச்சு இன்னைக்கும் ஓயல. 2008 வாக்குல அது ஓரளவு சரியான பேச்சுதான். ஆனா இப்ப பழசுன்னு நாம சொல்ற மெஷினே வேற. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை முடிச்சிருச்சு, விண்டோஸ் 11 ஏத்தணும்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி வேணும், ப்ராசஸரும் அவங்க லிஸ்ட்ல இருக்கணும், அதனால திடீர்னு பழசாகிப்போன மெஷின்கள்ல பெரும்பாலானதுல என்க்ரிப்ஷன் கணக்குக்குன்னே தனி சர்க்யூட் சிப்புக்குள்ள இருக்கு. அந்த மெஷின் வச்சிருக்கிறவருக்கும் பென்டியம் 4 வச்சிருக்கிறவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

எனக்கு இதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியமாப் படுது. கணக்குப் போடுற சிப் பழசா இருக்கிறது பெரும்பாலும் தடையே இல்ல. சிப்பைச் சுத்தி இருக்கிற ஓஎஸ், லைப்ரரி, கம்பைலர், ரூட் சர்டிஃபிகேட் (ஒரு சைட் நிஜமானதான்னு சரிபார்க்க மெஷின் நம்புற அடிப்படைச் சான்று), கடைசியில போர்டுல இருக்கிற கடிகாரம் வரைக்கும், அங்கதான் இடிக்குது. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு ஆளுங்க ரெண்டு விதமாத் தப்பு முடிவெடுக்கிறாங்க: சிப் பழசுன்னு பயந்து என்க்ரிப்ஷனே வேணாம்னு விட்டுர்றாங்க, இல்லன்னா பத்து வருஷமா அப்டேட் வராத ஓஎஸ்ஸை அப்படியே வச்சுக்கிட்டு அது மேல ஒரு டூலை ஏத்திட்டு இனிமே பயமில்லன்னு இருந்துர்றாங்க. ரெண்டாவதுதான் மோசமானது.

முதல்ல சிப். இன்னைக்கு டிஸ்க் என்க்ரிப்ஷன்ல எங்க பார்த்தாலும் ஏஇஎஸ்ங்கிற முறைதான். அதைச் சாதாரண இன்ஸ்ட்ரக்‌ஷன்களை வச்சுப் பண்ணா ஒவ்வொரு பிளாக்குக்கும் டேபிள்ல தேடி, மாத்தி, கலந்து, பத்துல இருந்து பதினாலு சுத்து போகணும். இன்டெல் 2008ல ஏஇஎஸ்-என்ஐன்னு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்பை அறிவிச்சு 2010ல வெஸ்ட்மியர் சிப்கள்ல கொண்டு வந்தாங்க, ஏஎம்டி 2011ல புல்டோசர்ல கொண்டு வந்தாங்க. அதுல ஒரு சுத்துக்கு ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன். இதனால வர்ற வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம், லினக்ஸ்ல கிரிப்ட்செட்டப்ங்கிற டிஸ்க் என்க்ரிப்ஷன் டூலோட பெஞ்ச்மார்க் கமாண்டை ஓட்டினா போதும், டிஸ்க்கைத் தொடாம மெமரியிலயே அளந்து ஒரு டேபிள் காட்டும். கோர் 2 டுவோ காலத்து மெஷின்ல ஏஇஎஸ் எக்ஸ்டிஎஸ் (டிஸ்க்குக்கு ஏஇஎஸ்ஸை உபயோகிக்கிற வழக்கமான முறை) வரிசையில செகண்டுக்கு நூறு, நூத்தைம்பது மெகாபைட் அளவுல நிக்கும், ஏஇஎஸ்-என்ஐ இருக்கிற மெஷின்ல ஆயிரத்தைத் தாண்டும்.

இந்த நம்பரைப் பார்த்ததும் பத்து மடங்கு ஸ்லோன்னு முடிவு கட்டிட வேண்டாம். அந்தக் கோர் 2 டுவோ மெஷின்ல இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாப் படிச்சாலே செகண்டுக்கு நூறு மெகாபைட்டை எட்டுறது பெரிசு, சின்னச் சின்ன ஃபைலா அங்கங்க தேடிப் படிச்சா ஒண்ணு ரெண்டு மெகாபைட்தான் வரும். ப்ராசஸர் போடுற கணக்கு டிஸ்க் வேகத்தைவிட ஜாஸ்தியாவோ சமமாவோ இருக்கும்போது தாமதம் டிஸ்க்காலதான் வருது, என்க்ரிப்ஷனால வர்றது அதுக்குள்ள மறைஞ்சிரும். அதே மெஷின்ல ஒரு எஸ்எஸ்டி மாட்டுனா கதை மாறும், இப்ப டிஸ்க் ரெடியா நிக்கும், ப்ராசஸர்தான் மூச்சு வாங்கும். அப்பவும் என்க்ரிப்ட் பண்ண எஸ்எஸ்டி, என்க்ரிப்ட் பண்ணாத பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட கையில உபயோகிக்கும்போது பல மடங்கு வேகமாத்தான் இருக்கும். நிஜமாவே கஷ்டப்படுறது ஆட்டம் என்270 மாதிரி நெட்புக் சிப்கள்தான், அதுக்கும் வழி இருக்கு, சொல்றேன்.

உங்க சிப்ல ஏஇஎஸ்-என்ஐ இருக்கான்னு வருஷத்தை வச்சு ஊகிக்காதீங்க. 2010லயே இது வந்திருச்சு, ஆனா 2013ல வித்த பென்டியம், செலரான் பேர் போட்ட டெஸ்க்டாப் சிப் பலதுல கிடையாது, அது இன்டெல் விலைக்கேத்த மாதிரி பிரிச்சு வித்த வசதி. 2019ல வந்த ராஸ்பெர்ரி பை 4லயே ஏஇஎஸ்க்கான தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் இல்ல. அப்புறம் சில லேப்டாப் பயாஸ்ல இதை ஆஃப் பண்ணி வைக்கிற ஆப்ஷனும் உண்டு, சிப்ல இருந்தும் ஓஎஸ் கண்ணுக்குத் தெரியாது. லினக்ஸ்ல சிபியு இன்ஃபோ ஃபைலைத் திறந்து ஃபிளாக்ஸ் வரியில ஏஇஎஸ்னு இருக்கான்னு பார்க்கிறதுதான் சரியான வழி.

இல்லாத மெஷினுக்கு என்ன வழி? டேனியல் பெர்ன்ஸ்டைன்ங்கிற கிரிப்டோகிராஃபி ஆராய்ச்சியாளர் 2008ல வெளியிட்ட சாசா20ங்கிற என்க்ரிப்ஷன் முறை. இதுல டேபிளே கிடையாது, கூட்டல், பிட்டைச் சுத்துறது, எக்ஸார், இந்த மூணையே திரும்பத் திரும்பப் பண்ணுது. இந்த மூணும் எந்தப் பழைய ப்ராசஸருக்கும் இயல்பா வர்ற வேலை. அதே ஆள் 2005ல வெளியிட்ட பாலி1305ஐயும் (டேட்டாவை யாரும் மாத்தலன்னு சரிபார்க்கிற முறை) இதையும் சேர்த்து, இன்டர்நெட் தரங்களை வகுக்கிற ஐஇடிஎஃப்போட நெறிமுறைகளுக்காக 2015ல ஒரு ஆர்எஃப்சி, அதாவது பொது ஆவணம், வந்துச்சு. ஏஇஎஸ்-என்ஐ இல்லாத மெஷின்ல இது மென்பொருள் ஏஇஎஸ்ஸைவிட நல்ல வேகம். குரோம் மாதிரி பிரௌசர்கள் சிப்ல ஏஇஎஸ் வசதி இல்லன்னா சாசாவை முதல்ல வச்சுக் கேக்கும், சர்வரும் அதை மதிக்கிற மாதிரி செட் பண்ணியிருந்தா அதுவே அமைஞ்சிரும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். 2020 மார்ச்ல லினக்ஸ் கெர்னல் 5.6 கூட உள்ள வந்த வயர்கார்டும் முழுக்க இதைத்தான் நம்பியிருக்கு, அதனால பழைய மெஷின்ல விபிஎன் வேணும்னா நான் தயங்காம அதைத்தான் சொல்லுவேன்.

டிஸ்க்குக்கு சாசாவை நேரடியாப் போட முடியாது, ஏன்னா ஒரு செக்டர்ல, அதாவது டிஸ்க் ஒரே தடவையில எழுதுற துண்டுல, எவ்வளவு போகுதோ அவ்வளவே வெளிய வரணும், ஒரே செக்டரைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் ரகசியம் கசியக் கூடாது. அதுக்காக கூகுள்ல ஏஇஎஸ் வசதி இல்லாத சின்ன போன்களை மனசுல வச்சு அடியான்டம்னு ஒரு முறையை உண்டாக்கி 2019ல அறிவிச்சாங்க, லினக்ஸ் 5.0ல இருந்து கெர்னல்லயே இருக்கு. கார்டெக்ஸ் ஏ7 மாதிரி சிப்ல ஏஇஎஸ் எக்ஸ்டிஎஸ்ஸைவிட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வேகம்னு அவங்க காட்டுனாங்க. போனுக்காகப் பண்ணதுதான், ஆனா நெட்புக்குக்கும் பொருந்துது, கிரிப்ட்செட்டப்ல சைஃபர் பேரைக் குடுத்து செக்டர் அளவை 4096னு வச்சா ஓடும். இன்ஸ்டாலர் எதுவும் இதைத் தானாத் தேர்ந்தெடுக்காது, அதனாலயே நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறது தெரியல.

வேகம் மட்டும் இல்லாம இன்னொரு காரணமும் இருக்கு. டேபிளைப் பார்த்துப் பார்த்து ஏஇஎஸ் பண்ணும்போது எந்த இடத்தைப் பார்க்கிறோம்ங்கிறது கீயைப் பொறுத்து மாறும், அது கேஷ்ல (சிப்புக்குள்ள இருக்கிற வேகமான மெமரி) இருக்கா இல்லையாங்கிறதைப் பொறுத்து நேரம் கொஞ்சம் கூடும் குறையும், அந்த நேரத்தை அளந்தே கீயைக் கண்டுபிடிக்கலாம்னு பெர்ன்ஸ்டைன் 2005லயே பென்டியம் 3 மெஷினை வச்சுக் காட்டினார். ஏஇஎஸ்-என்ஐயில அந்த டேபிளே இல்ல, சாசாவுலயும் இல்ல. நல்ல லைப்ரரிகள் பழைய சிப்புக்கும் நேரம் கசியாத மாதிரி எழுதின ஏஇஎஸ்ஸை வச்சிருக்கு, ஆனா அது புது லைப்ரரியிலதான் இருக்கும். பழைய மெஷினுக்குப் பழைய வெர்ஷன் போதும்னு நினைக்கிறது இங்கயே அடிபட்டுப் போகுது, ஏன்னா பழைய சிப்புக்குத்தான் புது கோட் அதிகமாத் தேவைப்படுது.

அடுத்தது பாஸ்வேர்ட் அடிச்சிட்டுக் காத்திருக்கிற நேரம். மெஷின் ஸ்லோன்னு ஆளுங்க புலம்புறதுல பாதி இதுதான், இது வேணும்னே வச்ச தாமதம். ட்ரூகிரிப்ட்ங்கிற பழைய டிஸ்க் என்க்ரிப்ஷன் டூல் பாஸ்வேர்டைக் கீயா மாத்துறதுக்கு 1000 இல்லன்னா 2000 தடவைதான் சுத்தும். 2014 மே 28ஆம் தேதி அதைப் பண்ணவங்க திடீர்னு நிறுத்திட்டுப் போனதுக்கப்புறம் எல்லாரும் போய்ச் சேர்ந்தது வெராகிரிப்ட், அதுல எஸ்எச்ஏ-512ங்கிற ஹேஷ்னா அஞ்சு லட்சம் தடவை. புது மெஷின்ல கண் மூடித் திறக்கிற நேரம், பழைய மெஷின்ல கன்டெய்னரை (ஃபைல்களைப் பூட்டி வைக்கிற பெட்டி மாதிரி) திறக்க நல்லாவே காத்திருக்கணும். எந்த ஹேஷ்னு நீங்க சொல்லலன்னா அது ஒவ்வொண்ணா முயற்சி பண்ணும், அதனால மவுன்ட் பண்ற இடத்துல ஹேஷைக் குறிப்பாத் தேர்ந்தெடுத்தாலே கணிசமா நேரம் மிச்சம். பிம்னு ஒரு நம்பர் இருக்கு, அதைக் குறைச்சா சுத்து குறையும், ஆனா பாஸ்வேர்ட் 20 எழுத்துக்குக் கம்மின்னா வழக்கமான 485க்குக் கீழ போக விடாது. இந்தக் கட்டுப்பாடு ரொம்ப நியாயமானது, நீளமான பாஸ்ஃப்ரேஸ் வச்சுக்கிறவங்க மெஷினோட நேரத்தை மிச்சம் பிடிக்கலாம், சின்ன பாஸ்வேர்ட் வச்சுக்கிறவங்க அந்த நேரத்தைக் குடுத்தே ஆகணும். பழைய மெஷின் வச்சிருக்கிற எல்லாரும் நீளமான பாஸ்ஃப்ரேஸுக்கு மாறணும்னு நான் சொல்றதுக்கு இதுவே காரணம்.

ட்ரூகிரிப்ட்லயே இருந்துட்டாப் போச்சுன்னு இன்னும் சிலர் இருக்காங்க. 2015 ஏப்ரல்ல வந்த தணிக்கை ரிப்போர்ட்ல பின்கதவு எதுவும் இல்லன்னுதான் வந்துச்சு, உண்மை. அதே வருஷம் செப்டம்பர்ல கூகுளோட ஓட்டை தேடுற குழுவான ப்ராஜெக்ட் ஜீரோவுல இருந்த ஒருத்தர் அதோட விண்டோஸ் டிரைவர்ல ஓட்டை கண்டுபிடிச்சார், சாதாரண யூசரா ஓடுற ஒரு ப்ரோக்ராம் அது வழியா அட்மின் ஆகிரலாம். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு, அதைத் தூக்கிச் சுமக்கிற டிரைவர் சரியில்ல. வெராகிரிப்ட்ல 1.15லயே சரி பண்ணிட்டாங்க, ட்ரூகிரிப்ட்ல சரி பண்ண ஆளே இல்ல. ஒரு எச்சரிக்கை: பழைய ட்ரூகிரிப்ட் கன்டெய்னரைத் திறக்கிற வசதி வெராகிரிப்ட் 1.25.9 வரைக்கும்தான், 1.26ல எடுத்துட்டாங்க. பழைய டிஸ்க்ல அப்படி ஏதாவது கிடந்தா இப்பவே திறந்து புது கன்டெய்னருக்குள்ள ஃபைலை மாத்தி வைங்க.

லினக்ஸ் பக்கம் இதே தாமதம் மெமரி ரூபத்துல வருது. 2017 கடைசியில கிரிப்ட்செட்டப் 2.0 கூட வந்த லக்ஸ்2ங்கிற டிஸ்க் என்க்ரிப்ஷன் ஃபார்மேட், 2015ல பாஸ்வேர்ட் ஹேஷிங் போட்டியில ஜெயிச்ச ஆர்கான்2ஐ உபயோகிக்குது. திருடினவன் கிராஃபிக்ஸ் கார்டை வரிசையா அடுக்கி வச்சு பாஸ்வேர்டை ஊகிக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு முயற்சிக்கும் நிறைய ராம் கேக்கிற மாதிரி அமைச்சிருக்காங்க, வழக்கமா அதிகபட்சம் ஒரு ஜிபி வரைக்கும். ஃபார்மேட் பண்ற நேரத்துல அந்த மெஷின்ல எவ்வளவு ராம் இருக்குன்னு பார்த்து அதுல பாதிக்கு மேல போகாம தானாவே குறைச்சுக்கும், அது வரைக்கும் சரி. இப்ப 16 ஜிபி ராம் இருக்கிற மெஷின்ல ஒரு டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி, கழட்டி ஒரு ஜிபி ராம் இருக்கிற பழைய லேப்டாப்ல மாட்டுறீங்கன்னு வச்சுக்கோங்க. பாஸ்ஃப்ரேஸ் சரி, டிஸ்க் சரி, ஆனா திறக்காது. மெமரி பத்தலன்னு நின்னுரும், இல்லன்னா கெர்னல் அந்த ப்ராசஸையே கொன்னுரும், ஸ்கிரீன்ல வர்ற மெசேஜைப் பார்த்தா டிஸ்க் கெட்டுப்போச்சோன்னு பதறிரும். டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகல. டிஸ்க்கை மறுபடி பெரிய மெஷின்ல மாட்டி, முதல்ல ஹெடரை (கீ விவரம் இருக்கிற டிஸ்க்கோட முன்பகுதி) பேக்கப் எடுத்து வேற இடத்துல வச்சிட்டு, லக்ஸ் கன்வர்ட் கீ கமாண்ட்ல பிபிகேடிஎஃப் (பாஸ்வேர்டைக் கீயா மாத்துற முறை) மெமரி அளவை 256 எம்பி மாதிரிக் குறைச்சுக் குடுத்தா அந்தக் கீ ஸ்லாட் மட்டும் மாறும், டிஸ்க் முழுக்க மறுபடி எழுத வேண்டியதில்ல. பூட் பார்ட்டிஷனையும் சேர்த்து என்க்ரிப்ட் பண்ணி க்ரப்ங்கிற பூட்லோடர் வழியாத் திறக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும், க்ரப் 2.06ல லக்ஸ்2 சப்போர்ட் வந்துச்சுன்னாலும் அது பிபிகேடிஎஃப்2ங்கிற பழைய முறைக்கு மட்டும்தான், ஆர்கான்2 ஸ்லாட்டை அந்த வெர்ஷன் திறக்காது.

கீ உண்டாக்குற நேரத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஜிபிஜிங்கிற என்க்ரிப்ஷன் டூல்ல கீ உண்டாக்கும்போது மவுஸை ஆட்டு, கீபோர்டைத் தட்டுன்னு கேட்டு அப்படியே நிக்குமே, அது ரேண்டம் எண்ணுக்காக நிக்குது. சிப்புக்குள்ளயே ரேண்டம் எண் குடுக்கிற இன்ஸ்ட்ரக்‌ஷன் இன்டெல்ல 2012ல ஐவி பிரிட்ஜ்லதான் வந்துச்சு, அதுக்கு முந்தின மெஷின்ல கெர்னல் கிடைக்கிறதைப் பொறுக்கிச் சேர்க்கணும். 2020ல கெர்னல் 5.6ல இருந்து ஒரு தடவை போதுமான அளவு சேர்ந்துட்டா அதுக்கப்புறம் நிக்கிறதே இல்ல. புது கெர்னல் போட்டாலே இந்தத் தொல்லை போயிரும்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் தீர்க்கக் கூடிய பிரச்சனை. இனிமேதான் கஷ்டமான பகுதி, நெட்வொர்க். பிரௌசரும் சர்வரும் ரகசியமாப் பேசுற முறை டிஎல்எஸ், அதோட 1.3 வெர்ஷன் 2018 ஆகஸ்ட்ல வந்துச்சு, 1.0, 1.1 ரெண்டையும் பெரிய பிரௌசர்கள் 2020ல கைவிட்டுச்சு, 2021 மார்ச்ல ஐஇடிஎஃப் அதிகாரபூர்வமாவே ஒதுக்கிட்டாங்க. விண்டோஸ் எக்ஸ்பியில ஓஎஸ்ஸே குடுக்கிற எஸ்சேனல்ங்கிற பகுதிக்குத் தெரிஞ்சது டிஎல்எஸ் 1.0 வரைக்கும்தான். அதை நம்பி இருக்கிற எந்த ப்ரோக்ராமும் இன்னைக்கு இருக்கிற பெரும்பாலான சர்வரோட பேசவே முடியாது. ஆனா அதே எக்ஸ்பியில ஃபயர்ஃபாக்ஸ் 52 டிஎல்எஸ் 1.2 பேசும், ஏன்னா அது என்எஸ்எஸ்னு தனக்குன்னு ஒரு லைப்ரரியைக் கூடவே தூக்கிட்டு வருது, ரூட் சர்டிஃபிகேட்டும் அதுக்குள்ளயே இருக்கு. பழைய ஓஎஸ்ல ஒரு ப்ரோக்ராம் ஏன் வேலை செய்யுது, பக்கத்துல இருக்கிறது ஏன் செய்யலன்னு குழம்புறவங்க முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்: என்க்ரிப்ஷனை அது ஓஎஸ்கிட்ட கேக்குதா, கையோட கொண்டு வருதா. விண்டோஸ் 7 நடுவுல மாட்டிக்கிட்ட கேஸ், அதுக்கு 1.2 தெரியும், ஆனா நிறைய ப்ரோக்ராம் கூப்பிடுற வழியில வழக்கமா ஆஃப் பண்ணியிருக்கும், தனி அப்டேட் போட்டு ரெஜிஸ்ட்ரியிலயும் மாத்தினாத்தான் வரும்.

சர்டிஃபிகேட் வேற ஒரு தலைவலி. 2021 செப்டம்பர் 30ஆம் தேதி இலவசமா சர்டிஃபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3ங்கிற பழைய ரூட் காலாவதி ஆச்சு. புது ரூட்டைக் கேள்விப்படாத பழைய மேக்குகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஓபன்எஸ்எஸ்எல்ங்கிற டிஎல்எஸ் லைப்ரரியோட 1.0.2 வெர்ஷன், அதுகிட்ட புது ரூட்டும் கையில இருந்துச்சு, ஆனா சர்வர் அனுப்புன சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டே போய் காலாவதியான முனையில முட்டிக்கிட்டு, வேற வழி இருக்கிறதைப் பார்க்காமலேயே தோல்வின்னு சொல்லிருச்சு. சைஃபர், கீ, வேகம் எதுலயும் கோளாறு இல்ல, சங்கிலியைத் தேடுற சின்ன லாஜிக்லதான் கோளாறு.

இதைவிடச் சின்ன காரணம் ஒண்ணு இருக்கு, மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி. பழைய மெஷின்ல அது செத்துப் போயிருக்கும், கரன்ட் எடுத்ததும் தேதி பல வருஷம் பின்னாடி போயிரும், அப்ப எல்லா சைட்டோட சர்டிஃபிகேட்டும் இன்னும் அமலுக்கே வரலன்னு தெரியும், பிரௌசர் எல்லாத்தையும் மறுக்கும். மெஷின் பழசு, டிஎல்எஸ் ஒத்துக்கலன்னு தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி மூலையில தேதியைப் பாருங்க. இதுக்கு நேர் எதிரா, காலாவதியான ரூட்டை ஏமாத்துறதுக்காகத் தேதியைப் பின்னாடி தள்ளி வைங்கன்னு ஒரு யோசனை சுத்துது, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. காலாவதியான எல்லா சர்டிஃபிகேட்டையும், கீ திருடுபோன பழசையும் சேர்த்து, மறுபடி நம்ப ஆரம்பிக்கிறதுக்குச் சமம் அது.

சரி, அப்ப புது லைப்ரரியைப் பழைய ஓஎஸ்க்குக் கம்பைல் பண்ணிக் குடுத்தா என்னன்னு கேக்கலாம். இங்கதான் பலருக்குக் கண்ணுல படாத சுவர் இருக்கு. என்க்ரிப்ஷன் டூல் எழுதுறவர் பழைய மெஷினைக் கைவிடணும்னு நினைக்கவே வேண்டாம், அவர் உபயோகிக்கிற மொழி கைவிட்டாலே போதும். கோ மொழியில 1.20தான் விண்டோஸ் 7க்குக் கடைசி, 2023 ஆகஸ்ட்ல வந்த 1.21க்கு விண்டோஸ் 10 வேணும். ரஸ்ட் 2024 மே மாசம் 1.78ல அதே முடிவு. பைதான் 3.8 விண்டோஸ் 7க்குக் கடைசி. அதனால கோல எழுதின ஒரு நல்ல என்க்ரிப்ஷன் டூலோட அடுத்த வெர்ஷன் விண்டோஸ் 7ல திறக்கலன்னா அதை எழுதினவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. ப்ராசஸர் பக்கமும் இதே கதைதான், ஃபயர்ஃபாக்ஸ் விண்டோஸ்ல 2016லயே எஸ்எஸ்இ2ங்கிற சிப் வசதியைக் கேட்க ஆரம்பிச்சிருச்சு, குரோம் 2021ல எஸ்எஸ்இ3 கேட்டுச்சு, பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி எல்லாம் அங்கயே வெளிய.

2021 பிப்ரவரியில நடந்தது இதை நல்லாக் காட்டுச்சு. பைதான்ல கிரிப்டோகிராஃபின்னே பேர் வச்ச, எங்க பார்த்தாலும் உபயோகத்துல இருக்கிற ஒரு பேக்கேஜ், 3.4 வெர்ஷன்ல இருந்து பில்ட் பண்ண ரஸ்ட் வேணும்னு ஆச்சு. மெமரி பிழைகளை அடியோட ஒழிக்கணும்ங்கிறது அவங்க நோக்கம். ஆல்ஃபா, எச்பி பிஏ ரிஸ்க், 68கே மாதிரி பழைய ஆர்கிடெக்சர்களுக்கு ரஸ்ட் அப்ப சரியா இல்ல, அதை ஓட்டிட்டிருந்தவங்க ஒரு அப்டேட்ல வெளிய நின்னாங்க, பெரிய சண்டையாச்சு. ரெண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கு. எனக்குப் பழைய மெஷின் மேல நிஜமான அன்பு உண்டு, நல்லா ஓடுற ஒரு பொருளைக் குப்பையில போடச் சொல்றது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் இதுல நான் டெவலப்பர் பக்கம்தான்.

ஏன்னா பழைய மெஷினுக்காக வச்சிருந்த கோட் எல்லாரையும் பாதிச்ச கதை ஒண்ணு இருக்கு. 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட்ங்கிற பெரிய ஓட்டை வெளிய வந்தப்ப ஓபன்எஸ்எஸ்எல்ல ஒரு எல்லைச் சோதனையை விட்டுட்டதுதான் நேரடிக் காரணம். அதுக்குமேல, சில பழைய சிஸ்டங்கள்ல மெமரி ஒதுக்குறது ஸ்லோவா இருக்குன்னு ஓபன்எஸ்எஸ்எல் தனக்குன்னு ஒரு மெமரி ஒதுக்கீட்டை வச்சிருந்துச்சு, விட்ட மெமரியை அதுவே பிடிச்சு வச்சு மறுபடி குடுக்கும், அதனால ஓஎஸ்ல இருந்த பாதுகாப்புச் சோதனைகள் இந்தப் பிழையைப் பிடிக்கிற வாய்ப்பே இல்லாமப் போச்சு. ஓபன்பிஎஸ்டிங்கிற ஓஎஸ் பண்றவங்க அதைப் பார்த்துட்டு லிப்ரெஎஸ்எஸ்எல்னு தனியாப் பிரிச்சாங்க, முதல் வேலையா விஎம்எஸ், 16 பிட் விண்டோஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான கோடை ஆயிரக்கணக்கான வரியா வெட்டி எறிஞ்சாங்க. ஹார்ட்பிளீட் 1.0.1ல இருந்து 1.0.1எஃப் வரைக்கும்தான், அதைவிடப் பழைய 0.9.8ல அந்த ஓட்டை கிடையாது, அதை வச்சு பழசே நல்லதுன்னு அப்ப சிலர் பேசினாங்க. அந்த 0.9.8க்கு டிஎல்எஸ் 1.2 பேசவே தெரியாது, அதுல மத்த ஓட்டைகள் வரிசையா வந்துட்டேதான் இருந்துச்சு.

தூரத்துல இருந்து இன்னொரு மெஷினுக்குள்ள நுழையுற எஸ்எஸ்எச்ல பிரச்சனை தலைகீழா வரும், புது மெஷின்ல இருந்து பழைய பெட்டிக்குள்ள போக முடியாது. ஓபன்எஸ்எஸ்எச் 2015ல 7.0ல டிஎஸ்ஏங்கிற பழைய வகைக் கீயை ஆஃப் பண்ணுச்சு, 2021ல 8.8ல எஸ்எச்ஏ-1 போட்ட ஆர்எஸ்ஏ கையெழுத்தை ஆஃப் பண்ணுச்சு, 2025ல 10.0ல டிஎஸ்ஏவைக் கோட்ல இருந்தே எடுத்துருச்சு. பழைய சர்வர் அந்த ஒண்ணை மட்டும் நீட்டும்போது ரெண்டு பேருக்கும் பொதுவான முறையே இல்லன்னு சொல்லிக் கதவை அடைச்சிரும். இதுக்காகக் கிளையன்ட்டை டவுன்கிரேட் பண்றது, இல்ல எல்லா ஹோஸ்ட்டுக்கும் பழைய முறையைத் திறந்து விடுறது ரெண்டுமே தப்பு. கான்ஃபிக் ஃபைல்ல அந்த ஒரே ஒரு ஹோஸ்ட் பேருக்குக் கீழ மட்டும் எது தேவையோ அதைச் சேருங்க, ஒரு தடவை உள்ள போனதும் அங்க இருக்கிற எஸ்எஸ்எச்சை மாத்துங்க. மாத்தவே முடியாத பெட்டின்னா, ஓஎஸ்ஸே பழசா வச்சே ஆகணும்னா, முன்னாடி ஒரு புது லினக்ஸ் மெஷினை வச்சு, வெளி உலகத்தோட டிஎல்எஸ் பேசுறதை அது பார்த்துக்கட்டும், பழைய பெட்டி அதோட மட்டும் தனி கேபிள்ல பேசட்டும். ஸ்டன்னல்ங்கிற டூல் இதுக்கு ரொம்ப நாளா இருக்கு. ரொம்பப் பழைய யுனிக்ஸ் மெஷின்கள்லயே ஓடுற மாதிரி கிரிப்டோ ஏன்சியன்னு ஒரு டிஎல்எஸ் லைப்ரரிகூட ஆர்வலர்கள் புழக்கத்துல இருக்கு, ஆனா அது ஆசைக்குப் பண்றது, உங்க பேங்க் பாஸ்வேர்டை அது வழியா அனுப்பாதீங்க.

ஹார்ட்வேர்ல சரி பண்ணவே முடியாத ஒண்ணு இருக்கிறதையும் மறைக்கக் கூடாது. 2018 ஜனவரியில ஸ்பெக்டர், மெல்ட்டவுன்ங்கிற ப்ராசஸர் ஓட்டைகள் வெளிய வந்தப்ப இன்டெல் மைக்ரோகோட் (சிப்போட உள் மென்பொருள்) அப்டேட் குடுத்தாங்க, அந்த ஏப்ரல்லயே பென்ரின், உல்ஃப்டேல், புளூம்ஃபீல்ட் மாதிரி பழைய குடும்பங்கள் சிலதுக்குக் குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. கெர்னல் தன் பங்குக்குத் தடுக்கிறதைத் தடுக்குது, முழுசா இல்ல. அதனால அந்த மாதிரி மெஷின்ல கண்ட சைட்டையும் திறக்கிற பிரௌசரும் முக்கியமான கீயும் ஒரே நேரத்துல மெமரியில இருக்க வேண்டாம். பேக்கப் சர்வர், ஃபைல் சர்வர், எழுதுற மெஷின், இப்படி ஒரு வேலைக்கு ஒதுக்கிட்டா கவலை ரொம்பக் குறையும்.

ஆக விண்டோஸ் எக்ஸ்பியோ 7ஓ வச்சுக்கிட்டு அது மேல என்க்ரிப்ஷனை ஒட்டவைக்கிறதுக்குப் பதிலா, அதே மெஷின்ல அப்டேட் வர்ற ஓஎஸ்ஸை ஏத்துங்க. 64 பிட் சிப்னா இதுல யோசிக்கவே வேண்டாம், லினக்ஸ்ல பெரும்பாலானது ஓடும். 32 பிட்னா வழி குறுகிட்டே வருது. உபுன்டு எப்பவோ விட்டுருச்சு, 2023ல வந்த டெபியன் 12தான் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் குடுத்த கடைசி டெபியன், 2025 ஆகஸ்ட்ல வந்த 13ல அது கிடையாது. ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி ரெண்டும் இன்னும் 32 பிட்டுக்குக் குடுத்துட்டிருக்காங்க, டெஸ்க்டாப்பா உபயோகிக்கக் கொஞ்சம் பழகணும், ஆனா ஃபைல் சர்வருக்கு அருமை.

குவான்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் தாங்குற என்க்ரிப்ஷன் வேற வந்துட்டிருக்கே, அது பழைய மெஷினுக்கு சாவுமணியான்னு ஒரு பயம் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட எம்எல்-கெம்ங்கிற கீ மாத்திக்கிற முறை கணக்கு அளவுல ரொம்ப லேசு, பழைய சிப்பும் அசராது. அதுல பெரிசா இருக்கிறது கீயோட அளவுதான். இப்ப இருக்கிற எக்ஸ்25519ல பப்ளிக் கீ 32 பைட், எம்எல்-கெம் 768ல 1184 பைட். அதனால டிஎல்எஸ்ல முதல் மெசேஜே ஒரு பாக்கெட்டுக்குள்ள அடங்காம ரெண்டா உடையும், அதைப் பார்த்துத் திணறுறது நடுவுல இருக்கிற பழைய ஃபயர்வால், ரவுட்டர் மாதிரி பெட்டிகள். எஸ்எஸ்எச் பக்கம் இந்த மாதிரி பாதுகாப்பு ஏற்கனவே வந்தாச்சு, 2022 ஏப்ரல்ல ஓபன்எஸ்எஸ்எச் 9.0ல இருந்து குவான்டத்தைத் தாங்குற கீ மாத்துற முறை வழக்கமாவே ஆன்ல இருக்கு, டெபியன் 12ல வர்றது 9.2. ஒரு பென்டியம் 4 மெஷின்ல டெபியன் 12 ஏத்தி, அதே மாதிரி புது ஓபன்எஸ்எஸ்எச் இருக்கிற இன்னொரு மெஷினுக்குக் கனெக்ட் பண்ணா, நீங்க எந்த செட்டிங்கையும் தொடாமலே அந்த முறையிலதான் கனெக்ட் ஆகும்.